மேட்டுப்பேட்டையில் ஓர் இரவுச் சாப்பாடு

காலையில் எழுந்து ஜன்னலைத் திறக்கிறீர்கள். மேசையைத் துடைக்கிறீர்கள். அலமாரிச் சாவியை எங்கே வைத்தோம் என்று வீடெல்லாம் தேடுகிறீர்கள். அதற்குள் உங்களை அறியாமலே நான்கு போர்ச்சுகீசிய வார்த்தைகளைச் சொல்லி விட்டீர்கள்! ஜன்னல், மேசை, அலமாரி, சாவி ஆகிய நான்கும் கப்பலேறி வந்து நம் வீட்டோடு தங்கிவிட்ட வார்த்தைகள். இத்தனை சாமான்களுக்குப் பெயர் கொடுத்தவர்கள் தங்கள் ஊரில் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நாள் எட்டிப் பார்க்க வேண்டாமா? வாருங்கள், லிஸ்பன் நகரத்துக்குப் போவோம். அங்கே ‘பைரு ஆல்ட்டு’ என்று ஒரு பேட்டை. நம் பாஷையில் சொன்னால் மேட்டுப்பேட்டை. பகலெல்லாம் தூங்கி, இராத்திரியில் விழித்துக் கொள்ளும் விசித்திரமான இடம்.

மேட்டில் ஏறுவது எப்படி?

பெயருக்கேற்ப, பேட்டை ஒரு குன்றின் மேல் இருக்கிறது. 1885 முதல் ‘குளோரியா’ என்ற மஞ்சள் நிற டிராம் வண்டி கம்பி வடத்தின் உதவியால் ஜனங்களை மேலே இழுத்துச் சென்று கொண்டிருந்தது. 2025 செப்டம்பர் 3-ந் தேதி அது தடம் புரண்டு 16 பேர் மாண்டார்கள். ஊரே அழுத நாள் அது. ஆகவே நீங்கள் பூமிக்கடியில் ஓடும் ரெயிலில் ‘பைஷா–ஷியாது’ நிலையத்தில் இறங்குங்கள். அங்கே நகரும் படிகள் ஒன்றன்பின் ஒன்றாக உங்களைத் தூக்கிச் சென்று மேலே விட்டுவிடும். பக்கத்திலேயே ஒரு சதுக்கம். நடுவில் சிலையாக நிற்பவர் மகாகவி கமோயிஷ். வாஸ்கோ ட காமா நம் தேசத்துக்கு வந்த பிரயாணத்தைக் காவியமாகப் பாடி, 1572-ல் அச்சிட்டவர். கோவாவில் வாழ்ந்தவர். அவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு வடக்கே திரும்பினால் மேட்டுப்பேட்டை ஆரம்பம்.

ஒரு விஷயம். உயர்ந்த குதிகால் செருப்பை விடுதியிலேயே விட்டு விடுங்கள். தெருவெல்லாம் சிறு சிறு கற்கள் பாவியவை. ஒரு தூறல் விழுந்தால் எண்ணெய் தடவியது போல் வழுக்கும்.

இராத்திரியில் ஏன் விழித்திருக்கிறது?

1513-ல் நகரச் சுவருக்கு வெளியே மனை பிரித்து எழுப்பிய பேட்டை இது. தெருக்கள் நேர்நேராக, சதுரங்கப் பலகை போல் வெட்டிக் கொள்ளும். 1755-ல் வந்த பெரும் பூகம்பம் லிஸ்பனைத் தரைமட்டமாக்கிய போதும் இந்தப் பேட்டை பெரும்பாலும் தப்பிப் பிழைத்தது. பிறகு பத்திரிகைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். 1864-ல் தொடங்கிய ‘தியாரியு த நொட்டீசியஷ்’ என்ற தினசரி 1940 வரை இங்கேதான் அச்சாயிற்று. அதன் பெயரிலேயே இன்றும் ஒரு தெரு இருக்கிறது. விடியற்காலையில் பத்திரிகை வெளிவர வேண்டுமானால், இராத்திரி முழுவதும் அச்சுக் கோப்பவர் விழித்திருக்க வேண்டும். அவருக்குப் பசிக்காதா? அவருக்காகச் சிறு சாப்பாட்டுக் கடைகளும் விழித்திருந்தன. பத்திரிகைகள் போய்விட்டன, விழித்திருக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை.

எந்தக் கடைக்குள் நுழைவது?

இந்தச் சிறு கடைகளுக்கு ‘டாஷ்கா’ என்று பெயர். நாலைந்து மேசை, அதன்மேல் காகித விரிப்பு, சுவரில் பளிங்கு ஓடுகள், கையால் எழுதிய சாப்பாட்டுப் பட்டியல் – இவைதான் அடையாளம். வாசலில் நின்று, வண்ணப்படம் போட்ட அட்டையை நீட்டி, “வாருங்கள், வாருங்கள்” என்று கையைப் பிடிக்காத குறையாக அழைக்கும் கடையைத் தாண்டிப் போங்கள். உள்ளூர்க்காரர் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும் கடையைத் தேடுங்கள். ஆனால் ஏழு மணிக்கே போய், “ஒருவரையும் காணோமே!” என்று ஏமாறாதீர்கள். அவர்களுக்கு இராச் சாப்பாட்டு வேளை எட்டு மணிக்கு மேல்தான்.

உட்கார்ந்தவுடன், நீங்கள் கேட்காமலே ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் காய், பாலாடைக் கட்டி என்று கொண்டு வந்து வைப்பார்கள். நம் வீட்டுக் கல்யாணப் பந்தி என்று நினைத்துக் கை வைத்துவிடாதீர்கள்! தொட்டதற்கெல்லாம் பில்லில் கணக்கு ஏறும். இதற்குக் ‘கூவேர்’ என்று பெயர். அது ஏமாற்று வேலையல்ல, அவர்கள் ஊர் வழக்கம். வேண்டாமென்றால் சிரித்துக் கொண்டே “நாவ், ஒப்ரிகாதா” என்று சொன்னால், முகம் சுளிக்காமல் எடுத்துச் சென்று விடுவார்கள். “வேண்டாம், நன்றி” என்று அர்த்தம். பெண்கள் ‘ஒப்ரிகாதா’ என்றும், ஆண்கள் ‘ஒப்ரிகாது’ என்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு நல்ல சந்தர்ப்பம்!

இன்னொரு சிக்கன யோசனை: பல கடைகளில் ‘தோஸ்’ என்றால் முழு அளவு, ‘மெய்யா தோஸ்’ என்றால் பாதி அளவு. முழு அளவு பெரும்பாலும் இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும்.

கருவாட்டின் ராஜாங்கம்

போர்ச்சுகீசியருக்கு உயிர் ‘பக்கல்யாவ்’. உப்பிட்டு உலர்த்திய காட் மீன். கருவாடுதான், சந்தேகமில்லை. ஒரு நாள், இரண்டு நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கிய பிறகே அடுப்பில் ஏற்றுவார்கள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை விதமாக இதைச் சமைக்கலாம் என்பது அவர்கள் பெருமை. வேடிக்கை என்னவென்றால், இந்த மீன் அவர்கள் கரையில் கிடைப்பதில்லை. நார்வே, ஐஸ்லாந்து போன்ற குளிர்க்கடல்களிலிருந்து வருகிறது.

மேட்டுப்பேட்டைக்கே சொந்தமென்று சொல்லப்படுவது ‘பக்கல்யாவ் ஆ பிராஷ்’. இந்தப் பேட்டையில் கடை வைத்திருந்த பிராஷ் என்பவரின் கைப்பக்குவமாம் அது. மீனைப் பஞ்சு பஞ்சாக உதிர்த்து, வெங்காயத்தோடு ஆலிவ் எண்ணெயில் வதக்கி, தீக்குச்சி போல் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கைச் சேர்த்து, முட்டையை அடித்து ஊற்றிக் கிளறுவார்கள். முட்டை இறுகிவிடக் கூடாது. குழைவாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். மேலே கறுப்பு ஆலிவும் கொத்துமல்லி போன்ற ஒரு தழையும் தூவினால் தீர்ந்தது.

சைவக்காரர்கள் என்ன செய்வது?

கவலை வேண்டாம். ‘பெய்ஷீன்யுஷ் த ஓர்த்தா’ என்று கேளுங்கள். ‘தோட்டத்துக் குட்டி மீன்கள்’ என்று அர்த்தம். பெயரைக் கேட்டுப் பயந்து விடாதீர்கள். அது நம் பீன்ஸ் பஜ்ஜியேதான்! கோதுமை மாவும் முட்டையும் கரைத்து, பீன்ஸை முழுசாகத் தோய்த்துப் பொரிக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் இவர்களே ஜப்பானுக்குக் கொண்டு போன இந்தப் பக்குவந்தான் அங்கே ‘டெம்புரா’ ஆயிற்று என்பார்கள்.

‘கால்து வேர்த்’ என்ற பச்சை சூப்பும் உண்டு. உருளைக்கிழங்கை மசித்த கஞ்சியில், ஒரு வகைக் கோஸ் இலையை நூல் நூலாக அரிந்து போட்டது. ஆனால் அதில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று மிதக்கும். “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் போதாது. மீன் இறைச்சியாகாதே என்று மீனைக் கொண்டு வந்து வைப்பார்கள்! “ஸேம் கார்ன், ஸேம் பெய்ஷ்”, இறைச்சியும் இல்லாமல், மீனும் இல்லாமல் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஐரோப்பாவிலேயே தலைக்கு மிக அதிகமாக அரிசி சாப்பிடுகிறவர்கள் இவர்கள். தக்காளி போட்டுக் குழைவாக வடித்த சாதம் கிடைத்தால் நம் வயிறும் குளிரும்.

பாட்டு வந்தால் கரண்டியை வையுங்கள்

சில கடைகளில் திடீரென்று விளக்கைத் தணிப்பார்கள். பரிமாறுகிறவர் நின்றுவிடுவார். பன்னிரண்டு தந்தி கொண்ட போர்ச்சுகீசிய கிட்டார் விம்மும். அதுதான் ‘ஃபாது’ என்ற சோகப் பாட்டு. 2011-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் பொதுச் சொத்தாக இதை ஏற்றுக் கொண்டது. 1937-ல் தொடங்கிய ‘அடேகா மஷாது’ போன்ற பெரிய இடங்களில் தேர்ந்த பாடகர்கள் பாடுவார்கள். செலவும் அதற்குத் தக்கபடி இருக்கும். ‘டாஷ்கா து ஷிக்கு’ போன்ற சின்னக் கடைகளில் நினைத்தவர் எழுந்து பாடுவார். எங்கே ஆனாலும் பாடும்போது பேசுவதும், தட்டில் கரண்டி ஒலிப்பதும் பெரிய மரியாதைக் குறைவு.

மேலே யாரோ தூங்குகிறார்கள்

பத்து மணிக்கு மேல் தெருவெல்லாம் வாலிபக் கூட்டம், கையில் கோப்பை, சிரிப்பு, சத்தம். குழந்தைகளோடு போகிறவர்கள் அதற்குள் சாப்பிட்டுத் திரும்பி விடலாம். யாராவது பக்கத்தில் வந்து எதையாவது விற்கிற பாவனையில் காதோரம் முணுமுணுத்தால், பதில் சொல்லாமல் நடந்து விடுங்கள்.

அப்போது ஒரு தடவை தலையை உயர்த்திப் பாருங்கள். மாடி ஜன்னல்களில் துணி காய்கிறது. பூந்தொட்டி இருக்கிறது. ஆமாம், இந்தக் கூச்சலுக்கு மேலே குடும்பங்கள் வாழ்கின்றன. அந்த வீடுகளில் தலைமுறையாக இருந்த முதியவர்கள் பலர் இப்போது இல்லை. 2012-ல் வந்த சட்டம் பழைய வாடகை ஒப்பந்தங்களை முடிப்பதைச் சுலபமாக்கியது. வீடுகள் உல்லாசப் பிரயாணிகள் நாலு நாள் தங்கும் அறைகளாக மாறின. 2018-ல் நகரசபையே விழித்துக் கொண்டு, இந்தப் பேட்டையில் புதிதாக அப்படி அறை விடுவதை நிறுத்தி வைத்தது. குடும்பங்கள் போய்விட்டால் அண்டை அயலாருக்காகச் சமைத்த டாஷ்காவும் போய்விடும். அப்புறம் வண்ணப்பட அட்டைகள்தான் மிஞ்சும்.

ஆகவே, சகோதரிகளே, சாப்பிடும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது நம் வயிற்றை மட்டும் பொறுத்த விஷயமல்ல. ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு, தெருவில் இறங்கும்போது குரலைத் தாழ்த்திக் கொண்டால், அந்தப் பேட்டைக்கு நாம் செய்யும் உபகாரம் அது.

கிளம்புவதற்கு முன் ‘அர்ரோஸ் தோஸ்’ ஒரு தட்டுக் கேளுங்கள். அரிசி, பால், சர்க்கரை, எலுமிச்சைத் தோல் சேர்ந்த பாயசம். ஆறவைத்துக் கெட்டியானதும், லவங்கப் பட்டைப் பொடியை இரண்டு விரலால் எடுத்து, மேலே கட்டம் கட்டமாக, பூப்பூவாக இழை இழுப்பார்கள். பார்த்தவுடன் உங்களுக்குப் புரிந்துவிடும். அது கோலம்! வாசலில் போடாமல் தட்டில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.