விஞ்ஞானம் கற்பிக்க வருவோருக்குக் கதவு திறக்கப்பட வேண்டும்

ஒரு பிரதேசத்துப் பாடசாலைகளில் க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லையெனில், அங்குள்ள வறிய பிள்ளைகளுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளின் கதவுகள் பதினாறு வயதிலேயே மூடப்பட்டு விடுகின்றன. நகரத்துக்குச் சென்று விடுதியில் தங்கிக் கற்க எல்லாப் பெற்றோருக்கும் வசதியில்லை. மலையகத்திலும் வன்னியிலும் கிழக்கின் பின்தங்கிய கிராமங்களிலும் திறமையுள்ள மாணவர் பலர் விருப்பமின்றியே கலைப் பிரிவைத் தெரிவு செய்வதற்கு, பௌதிகவியல், இரசாயனவியல் ஆகியவற்றைத் தமிழ் மொழியில் கற்பிக்கும் ஆசிரியர்கள் இல்லாமையே முக்கிய காரணமாகும்.

விஞ்ஞானம் பயின்ற தமிழ் பேசும் பட்டதாரிகள் எம்மத்தியில் இல்லாமலில்லை. யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களிலிருந்து அவர்கள் வெளியேறிக் கொண்டேயிருக்கின்றனர். அவர்களுள் பலர் வங்கிகளிலும், மருந்து நிறுவனங்களிலும், அரச அலுவலகங்களிலும் பணியாற்றுகின்றனர். சில வருடங்களின் பின்னர் ஆசிரியப் பணியை நாட விரும்பும் இத்தகையோருக்கு இரு தடைகள் குறுக்கிடுகின்றன. ஒன்று வயதெல்லை. பட்டதாரி ஆசிரியர் நியமனங்களுக்கு வழமையாக 35 வயதும், சில சந்தர்ப்பங்களில் 40 வயதும் எல்லையாக விதிக்கப்பட்டு வந்துள்ளன. மற்றையது, முன்னைய அனுபவம் கணக்கிற் கொள்ளப்படாது ஆரம்பத் தரத்திலேயே சேர நேர்வதாகும். குடும்பப் பொறுப்புள்ள ஒருவர் இதற்குத் துணிவது எளிதன்று.

இங்கிலாந்தில் 2016 ஆம் ஆண்டு, வேறு தொழில்களில் அனுபவம் பெற்றோரை ஆசிரியர்களாக்கும் நோக்குடன் 'நவ் டீச்' என்னும் தொண்டு நிறுவனம் ஆரம்பிக்கப்பட்டது. அதன் நிறுவுநர்களுள் ஒருவரான லூசி கெலவே, 'பினான்சியல் டைம்ஸ்' பத்திரிகையின் பத்தி எழுத்தாளராக நீண்டகாலம் விளங்கியவர். ஐம்பதுகளின் பிற்பகுதியில் தாமே ஆசிரியரானார். அந்நாட்டில் பௌதிகவியல் ஆசிரியப் பயிற்சி பெறுவோருக்கு 2024/25 கல்வியாண்டில் 28,000 பவுண் உதவித்தொகை வழங்கப்பட்டது. அத்தகைய செலவை எமது திறைசேரி தாங்காது. ஆயினும், வயதெல்லையைத் தளர்த்துவதற்குப் பெரும் நிதி தேவையில்லை.

எனினும், கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. விஞ்ஞானத்தை அறிந்திருப்பது வேறு, அதனைக் கற்பிப்பது வேறு. மின்குமிழை ஒளிரச் செய்த பின்னர் மின்னோட்டம் குறைந்து விடுகின்றது என்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். பாடத்தை மட்டும் அறிந்தவர் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அலகுக்குச் சென்று விடுவார். பயிற்சி பெற்ற ஆசிரியரோ குமிழுக்கு முன்னும் பின்னும் அம்பியர்மானியை இணைத்து, இரண்டு வாசிப்புகளும் சமமாயிருப்பதை மாணவரே காணச் செய்வார். இத்திறன் பட்டத்துடன் தானாக வந்து விடுவதில்லை. பட்டதாரிகளை முதலில் நியமித்துவிட்டு, பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் பின்னர் பூர்த்தி செய்யுமாறு கூறும் எமது நடைமுறையில் முதலில் பாதிக்கப்படுபவர்கள் மாணவர்களேயாவர்.

2020 ஆம் ஆண்டில் அரச சேவைக்குள் உள்வாங்கப்பட்ட பட்டதாரிகளுள் ஒரு பகுதியினர், அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பாடசாலைகளில் இணைக்கப்பட்டுப் பாடம் நடத்தியமையும், தம்மை ஆசிரியர் சேவையிற் சேர்க்குமாறு கோரி வீதியில் இறங்கியமையும் வாசகர்கள் அறிந்ததே. இவர்களுள் விஞ்ஞானப் பட்டம் பெற்றோரை முதலில் இனங்காண்பது கடினமான காரியமன்று.

எனவே, விஞ்ஞானப் பாடங்களுக்கேனும் வயதெல்லை தளர்த்தப்பட வேண்டும். முன்னைய சேவைக்கு உரிய மதிப்பளிக்கப்பட வேண்டும். வகுப்பறைக்குச் செல்லுமுன் சில மாதப் பயிற்சியும், முதலாண்டில் அனுபவமிக்க ஆசிரியரொருவரின் வழிகாட்டலும் கட்டாயமாக்கப்பட வேண்டும். நியமனம் பெறுவோர் பின்தங்கிய பாடசாலைகளில் குறிப்பிட்ட காலம் சேவையாற்றுவதும் உறுதிப்படுத்தப்படல் அவசியம்.

கற்பிக்க விரும்பும் பட்டதாரி ஒருபுறமும், கற்க ஏங்கும் பிள்ளை மறுபுறமும் நிற்க, இடையில் விதிமுறைகளே தடையாயிருப்பது நீதியாகாது. இதனைச் சீர்செய்யும் பொறுப்பு மத்திய கல்வியமைச்சுக்கும் மாகாண நிர்வாகங்களுக்கும் உண்டு என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.