கொப்புளம் ஆறிய பின்னும்

காலைதோறும் பாலர் பள்ளி வாசலில் ஆசிரியர்கள் பிள்ளைகளின் வாயையும் உள்ளங்கைகளையும் பார்த்த பின்னரே உள்ளே அனுப்புவது சிங்கப்பூரில் பழகிய காட்சி. அதன் பின்னணியில் துயரம் உண்டு. 1997ஆம் ஆண்டு சரவாக்கில் பரவிய கை, கால், வாய்ப்புண் நோய் இளங்குழந்தைகள் பலரின் உயிரைப் பறித்தது. 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. நாடெங்கும் பாலர் பள்ளிகள் மூடப்பட்டன.

மாடுகளைத் தாக்கும் கோமாரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. கொப்புளங்களைக் கண்டதும் அம்மை என்று எண்ணி வீட்டோடு வைத்துக்கொள்வோரும் உளர். இஃது அம்மையும் அன்று. இதனை உண்டாக்குபவை குடலில் பெருகும் எண்டிரோவைரஸ் வகையைச் சேர்ந்த கிருமிகள். அவற்றுள் காக்சாக்கி ஏ16 பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள்களில் தானே தணியும் நோயைத் தரும். எண்டிரோவைரஸ் 71 அரிதாக மூளையையும் தாக்கும். ஆகவே, நோயின் பெயர் புண்களைச் சுட்டினாலும் ஆபத்து புண்களில் இல்லை. காய்ச்சல் தணியாமை, ஓயாத வாந்தி, மிகுந்த சோர்வு, உறக்கத்தில் திடுக்கிட்டுத் துள்ளுதல், தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வைரஸுக்குப் பயன்படா. காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடாது. வாய்ப்புண்ணால் குழந்தை நீர் அருந்த மறுப்பதே வீட்டில் எழும் பெருஞ்சிக்கல். ஆறிய கஞ்சியையும் குளிர்ந்த பாலையும் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஆரஞ்சுச் சாறு சத்துள்ளதுதான். ஆனால் புண்ணில் பட்டால் எரியும். சிறுநீர் வெகுவாகக் குறைந்தால் மருத்துவரை நாட வேண்டும்.

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. எச்சில், சளி, கொப்புள நீர் ஆகியவற்றால் பரவும் இக்கிருமி, புண் ஆறிய பின்னும் பல வாரங்கள் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். கொப்புளம் காய்ந்து பள்ளிக்குத் திரும்பிய குழந்தையின் அணையாடையை மாற்றுபவர் கையைக் கழுவாது விட்டால், அடுத்த குழந்தைக்கும் நோய் செல்லும். இவ்வைரஸுக்குக் கொழுப்புறை இல்லாததால் சாராயம் கலந்த கைத்தூய்மி அதனை எளிதில் அழிப்பதில்லை. சோப்பும் ஓடும் நீருமே தேவை. பொம்மைகளையும் மேசைகளையும் முதலில் கழுவி, பின்னர் குளோரின் சார்ந்த கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். ஒருமுறை நோயுற்ற பிள்ளைக்கு இனி வராது என்றும் இருந்துவிட இயலாது. வேறொரு வகைக் கிருமியால் அது மீண்டும் வரக்கூடும்.