புல் வாய்க்கு ஒரு மின்சார மூடி

மாணவர்களே, சாலையோரத்தில் புல் வெட்டும் தொழிலாளர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டுவார். இன்னும் ஒருவரோ இருவரோ ஒரு வலையைத் தூக்கிப் பிடித்தபடி அவர் கூடவே நகர்வார்கள். அந்த வலை புல்லைத் தடுக்க அல்ல, கல்லைத் தடுக்க. சற்றுத் தள்ளி நிற்கும் காரின் கண்ணாடியும் நடந்து போகும் மனிதரின் கண்ணும் அந்த வலையை நம்பித்தான் இருக்கின்றன.

பெரிய திடல்களில், ஓட்டுநர் மேலே அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி வேலை செய்கிறது. இதற்கு வலை பிடிக்க ஆள் கிடையாது. இயந்திரத்தின் அடியில் இரும்புக் கூடு ஒன்று இருக்கும். அதற்குள் கத்தி சுழலும். வெட்டிய புல் கூட்டின் பக்கவாட்டில், பெரும்பாலும் வலப்புறத்தில் உள்ள ஒரு திறப்பின் வழியே வெளியே பாயும். இக்கட்டுரையில் அதைப் ‘புல் வாய்’ என்றே அழைப்போம்.

அந்த வாயிலிருந்து பொருள்கள் எவ்வளவு வேகமாக வரும்? நாமே கணக்கிடலாம். கத்தியின் நீளம் 50 சென்டிமீட்டர் என்றும், அது நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு விநாடிக்கு 50 சுற்றுகள். ஒரு சுற்றில் கத்தியின் நுனி கடக்கும் தூரம் 3.14 × 0.5, அதாவது 1.57 மீட்டர். நுனியின் வேகம் விநாடிக்குச் சுமார் 78 மீட்டர். மணிக்கு 280 கிலோமீட்டருக்கும் மேல்! கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் ரயிலின் உச்ச வேகமே மணிக்கு 160 கிலோமீட்டர்தான்.

இருபது கிராம் எடையுள்ள ஒரு சிறு கல் அந்த வேகத்தில் பாதியை, விநாடிக்கு 40 மீட்டரை, பெற்றாலே போதும். அதன் இயக்க ஆற்றல் 16 ஜூல். ஒரு கிலோ அரிசிப் பொட்டலம் 1.6 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றலும் இதுவே. வித்தியாசம் என்னவென்றால், கல் அந்த ஆற்றல் முழுவதையும் தன் கூர்முனையில் கொண்டுவந்து இறக்கும்.

இதனால்தான் புல் வாயின்மேல் கீழ்நோக்கிச் சரிந்த ஒரு தடுப்பு பொருத்தப்பட்டிருக்கும். கற்களைத் தரைப்பக்கம் திருப்பிவிடுவது அதன் வேலை. சிலர் அது இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றிவிடுகிறார்கள். இது பெரிய முட்டாள்தனம். நாம் செய்யப்போகும் மூடி, அந்தத் தடுப்பு அப்படியே இருக்க, கூடுதலாக வருவது.

சரி, புல் வாயை நிரந்தரமாக அடைத்துவிட்டால் என்ன? கூட்டுக்குள் புல் சேரும். கத்தி அதையே திரும்பத் திரும்ப வெட்டும், இயந்திரத்தின் சுமை ஏறும். நம் ஊர் மழையில் ஊறிய புல் என்றால் சில நிமிடங்களில் உள்ளே கட்டியாக அடைத்துக்கொள்ளும். ஆகவே திறந்த திடலில் வாய் திறந்திருக்க வேண்டும். பூச்செடிகள், கால்வாய், நிறுத்தி வைத்த கார் ஆகியவற்றை ஒட்டிப் போகும்போது மட்டும் மூட வேண்டும். ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்காமல் இதைச் செய்ய வழி என்ன?

மூடியிலிருந்து தொடங்குவோம். 30 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் உயரம், 3 மில்லிமீட்டர் தடிப்பு கொண்ட ஓர் இரும்புத் தகடு. கீலையும் சேர்த்தால் சுமார் 1.5 கிலோகிராம் வரும். மேல் விளிம்பில் கீல். தகடு செங்குத்தாகத் தொங்கினால் வாய் மூடியிருக்கிறது. 60 பாகை வெளிப்புறமாகத் தூக்கினால் வாய் திறக்கிறது. 90 பாகை தூக்கக் கூடாது. அப்படித் தூக்கினால் மேலே இருக்கும் சரிவுத் தடுப்பையும் சேர்த்துத் தூக்கிவிடும். அப்புறம் தடுப்பு இருந்தும் பயனில்லை.

தகட்டைத் தூக்குவதற்கு ‘லீனியர் ஆக்சுவேட்டர்’ என்ற பொருள் கடைகளில் கிடைக்கிறது. தோற்றத்தில் சைக்கிள் பம்ப் போல இருக்கும். உள்ளே ஒரு சிறிய 12 வோல்ட் மோட்டார், சில பற்சக்கரங்கள், நீளமான ஒரு திருகு. திருகு சுழலும்போது அதில் மாட்டிய நட்டு முன்னும் பின்னும் நகர்ந்து ஒரு தண்டைத் தள்ளும் அல்லது இழுக்கும். திருகின் மரைச்சரிவு மிகக் குறைவு என்பதால், வெளியிலிருந்து தண்டை அழுத்தித் திருகைச் சுழற்ற முடியாது. மின்சாரம் நின்றாலும் தண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். இந்தக் குணம் வசதியானது. ஆனால் அதற்கு இன்னொரு முகமும் உண்டு, பிறகு பார்ப்போம்.

இனி, படிவம் 2 அறிவியலில் நீங்கள் படித்த திருப்புத்திறன் இங்கே வேலைக்கு வருகிறது. தகட்டின் எடை 15 நியூட்டன். அதன் ஈர்ப்பு மையம் கீலிலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. கீலோடு 5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கையைப் பற்றவைத்து, அதன் நுனியில் ஆக்சுவேட்டரின் தண்டை இணைக்கிறோம். கை 60 பாகை திரும்பும்போது அதன் நுனி எவ்வளவு தூரம் நகரும்? காகிதத்தில் வரைந்து பாருங்கள். சமபக்க முக்கோணம் கிடைக்கும். ஆகவே தண்டு நகர வேண்டிய தூரமும் சரியாக 5 சென்டிமீட்டர்தான்.

தேவையான விசை எவ்வளவு? தகடு முழுவதும் திறந்த நிலையில்தான் அது அதிகம். அப்போது எடையின் திருப்புத்திறன் 15 × 0.1 × சைன் 60. தண்டுக்கும் கைக்கும் இடையே உள்ள கோணமும் ஏறக்குறைய 60 பாகையாக இருக்கும்படி பொருத்தினால், தண்டின் திருப்புத்திறன் விசை × 0.05 × சைன் 60. இரண்டு பக்கமும் உள்ள சைன் 60 அடிபட்டுப் போகிறது. விடை 30 நியூட்டன். ஒட்டிப் பிடிக்கும் ஈரப்புல்லையும் கீலின் உராய்வையும் நினைத்து 150 நியூட்டன் தரும் ஆக்சுவேட்டரை எடுக்கலாம். அதற்கு மேல் 1,000 நியூட்டன் வேண்டும் என்று ஆசைப்பட வேண்டாம். தகட்டுக்கு இடையில் விரல் சிக்கினால் அந்த விசை இரக்கம் காட்டாது. ஆக்சுவேட்டரின் இரண்டு முனைகளையும் ஆணி போட்டுச் சுழலும்படி மாட்டுங்கள். இறுக்கிப் பொருத்தினால், கை வட்டத்தில் நகரும்போது தண்டு வளைந்துவிடும்.

மின்சுற்றைப் பொறுத்தவரை, புல்வெட்டியின் 12 வோல்ட் பேட்டரியே போதும். மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் அது எதிர்த்திசையில் சுழலும். இதற்கு ஆறு முனைகள் கொண்ட சுவிட்ச் தேவை. நடு முனைகள் இரண்டும் மோட்டாருக்கு. மேல் முனைகள் இரண்டும் பேட்டரியின் நேர், எதிர் முனைகளுக்கு. கீழ் முனைகளை மேல் முனைகளோடு குறுக்காக இணைத்துவிட வேண்டும். மேலே அழுத்தினால் ஒரு திசை, கீழே அழுத்தினால் மறு திசை, கையை எடுத்தால் சுவிட்ச் தானாக நடுவுக்கு வந்து மின்சாரம் நின்றுவிடும். பேட்டரியின் நேர் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். தூரத்தில் வைத்தால், இடையில் உள்ள கம்பி உராய்ந்து இரும்பைத் தொடும்போது ஃபியூஸ் அதை அறியவே அறியாது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஆக்சுவேட்டருக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. தண்டு கடைசி எல்லையைத் தொட்டதும் ஒரு குட்டி சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும். அப்படியானால் திரும்பி வருவது எப்படி? சுற்றுதான் அறுந்துவிட்டதே! அந்தக் குட்டி சுவிட்சுக்குப் பக்க இணைப்பில் ஒரு டையோடு இருக்கிறது. டையோடு ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும். முன்னே போகும் மின்னோட்டத்துக்கு அது அடைத்த கதவு, திரும்பும் மின்னோட்டத்துக்குத் திறந்த கதவு. சில காசு விலையுள்ள பொருள் எவ்வளவு பெரிய சிக்கலைத் தீர்க்கிறது பாருங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. மூடி சரியான நேரத்தில் மூடுமா? தண்டின் வேகம் விநாடிக்கு 10 மில்லிமீட்டர் என்றால் 5 சென்டிமீட்டர் நகர 5 விநாடிகள். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போகும் புல்வெட்டி அதற்குள் 7 மீட்டர் நகர்ந்துவிடும். காரைப் பார்த்த பிறகு பொத்தானை அழுத்தினால், மூடி மூடும்போது கார் பின்னால் இருக்கும்! அதே மோட்டாரைக் கொண்ட, மூன்று மடங்கு வேகமான ஆக்சுவேட்டரை வாங்கலாம். ஆனால் திறன் என்பது விசையும் வேகமும் பெருக்கிய அளவு அல்லவா? வேகம் மூன்று மடங்கானால் விசை மூன்றில் ஒரு பங்காகி 50 நியூட்டனுக்கு இறங்கும். நமக்கோ 30 தேவை. ஈரப்புல் ஒட்டினால் திணறும்.

வேறொரு வழி, கையின் நீளத்தை 2.5 சென்டிமீட்டராகக் குறைப்பது. தேவையான விசை இரட்டிப்பாகி 60 நியூட்டனாகும். 150 நியூட்டன் ஆக்சுவேட்டருக்கு அது சுமையே இல்லை. தண்டு 2.5 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும், நேரம் 2.5 விநாடி, புல்வெட்டி நகரும் தூரம் 3.5 மீட்டர். கூடுதல் செலவு இல்லாமல் நேரம் பாதியாகிறது.

மின்சாரம் இல்லாமலும் இதைச் செய்யலாம். கால் மிதியும் கம்பியும் போதும். மிதித்தால் தகடு திறக்கும், காலை எடுத்தால் சுருள்வில் தகட்டை இழுத்து மூடிவிடும். சுருள்வில் கட்டாயம் தேவை. வெளியே பாயும் காற்றும் புல்லும் தகட்டைத் திறந்த நிலையிலேயே பிடித்து வைக்கப் பார்க்கும். கம்பி அறுந்தாலும் இந்த மூடி மூடிக்கொள்ளும். மின்சார மூடியோ, ஃபியூஸ் போனால் திறந்தது திறந்தபடியே நிற்கும். முன்பு சொன்ன இன்னொரு முகம் இதுதான். பாதுகாப்பை மட்டும் பார்த்தால் என் ஓட்டு மிதிக்கே. ஆனால் இரண்டு கைகளாலும் இரண்டு நெம்புகோல்களைப் பிடித்து ஓட்டும் புல்வெட்டிகள் இருக்கின்றன. கால் வலி உள்ள ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டைவிரல் எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச் பெரிய உதவி. எந்த மூடியாக இருந்தாலும், ஆள் நெருங்கினால் கத்தியை நிறுத்த வேண்டும் என்ற விதி மட்டும் மாறாது.

மாதிரி செய்ய விரும்புபவர்கள் அட்டைத் தகடு, விளையாட்டுக் காரின் மோட்டார், ஆறு முனை சுவிட்ச், இரண்டு பேட்டரிகள் ஆகியவற்றோடு மேசையிலேயே தொடங்கலாம். உண்மையான புல்வெட்டியின் அடியில் மாணவர்கள் கை வைக்க வேண்டாம். அதைப் பொருத்தும் பெரியவர்களும் இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்து, தீப்பொறிச் செருகியின் கம்பியைக் கழற்றிய பிறகே குனிய வேண்டும்.