கூடுதல் பலனும் கூடுதல் விலையும்

முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் நோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மலிவான மாத்திரையும் உண்டு. அமெரிக்காவில் ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் பிடிக்கும் ‘பயாலஜிக்’ ஊசி மருந்துகளும் உண்டு. விலை உயர்ந்த மருந்து பலன் தருகிறதா என்றால், தருகிறது. ஆனால், பொருளியல் கேட்கும் கேள்வி வேறு. மலிவான மருந்தைக் காட்டிலும் அது எவ்வளவு கூடுதலாகத் தருகிறது, அந்தக் கூடுதலுக்கு நாம் தரும் விலை என்ன? ஆண்டுதோறும் வகுப்பறையில் நான் நடத்திய இறுதிநிலைப் பயன்பாட்டுப் பாடம்தான் இது.

2013-இல் வெளியான ‘ராகேட்’ ஆய்வு இக்கேள்வியை நேரடியாகச் சோதித்தது. மெத்தோட்ரெக்ஸேட்டால் மட்டும் நோய் அடங்காத 353 பேரில் ஒரு பிரிவினருக்கு அதனுடன் சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆகிய பழைய மாத்திரைகள் சேர்த்துத் தரப்பட்டன. மற்ற பிரிவினருக்கு எட்டனர்செப்ட் ஊசி. 24 வாரங்களில் முன்னேற்றம் காணாதோர் எதிர்ப்பிரிவின் சிகிச்சைக்கு மாற்றப்பட்டனர். 48 வார முடிவில், நோயின் தீவிரத்தைக் குறைப்பதில் மாத்திரைகள் ஊசிக்குப் பின்தங்கவில்லை. இரு பிரிவுகளிலும் ஏறத்தாழக் கால்பங்கினர் மாற வேண்டியிருந்தது, மாறியவர்களும் தேறினர். ஆகவே, ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல, எதை முதலில் தருவது என்பதே உண்மையான வினா. மலிவானதில் தொடங்கலாம், அது பலிக்காதபோது தாமதிக்கலாகாது. அரிக்கப்பட்ட மூட்டு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

பிரிட்டனில் ‘நைஸ்’ அமைப்பு, நலமாக வாழும் ஓராண்டைக் கூடுதலாகப் பெற ஆகும் செலவைக் கணக்கிடுகிறது. நெடுங்காலம் 20,000 முதல் 30,000 பவுண்டு வரையே ஏற்கத்தக்க வரம்பாக இருந்தது. அளவுகோல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அதன் அடிப்படைக் கணக்கில் அரசு மருத்துவ, சமூகப் பராமரிப்புச் செலவுகளே இடம்பெறுகின்றன. விரல்கள் மடங்கிப் போன தட்டச்சர் இழக்கும் ஊதியம் அதில் சேராது. நடு வயதிலேயே பலரைத் தாக்கும் ஒரு நோயில் இது சிறிய விடுபடல் அன்று.

விலையோ நிலையானதல்ல. 2016-இல் கடும் நோயாளிகளுக்கு மட்டுமே இவ்வூசிகளை ‘நைஸ்’ பரிந்துரைத்தது. பின்னர், காப்புரிமைகள் காலாவதியாகி, ‘பயோசிமிலர்’ எனப்படும் ஒத்த மருந்துகள் வந்தன, விலை சரிந்தது. 2021-இல், பிற மருந்துகள் பலிக்காத மிதமான நோயாளிகளுக்கும் அடலிமுமாப், எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப் மூன்றும் பரிந்துரைக்கப்பட்டன. உடன் பரிசீலிக்கப்பட்ட அபடாசெப்ட் ஏற்கப்படவில்லை.