காலம் தாழ்த்திய தளபதி

கி.மு. 217ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் உரோம் நகரம் பேரச்சத்தில் ஆழ்ந்திருந்தது. வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் விளங்கிய கார்த்தேஜ் நாட்டின் தளபதி ஹானிபால், அதற்கு முந்தைய ஆண்டில் யானைகளுடன் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் புகுந்திருந்தார். திரேபியா ஆற்றங்கரையில் உரோமரின் படையொன்றை அவர் முறியடித்தார். பின்னர் திரசிமேனோ ஏரிக்கரையில், காலை மூடுபனியில் மறைந்திருந்து தாக்கி மற்றொரு படையை ஏறத்தாழ முழுமையாக அழித்தார். அப்படையை நடத்திச் சென்ற ஃபிளமினியஸும் அங்கேயே மாண்டார்.

உரோம் அப்போது மன்னர் இல்லாத குடியரசு. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் கான்சல்கள் இருவர் அதனை ஆண்டனர். நாட்டுக்குப் பேரிடர் நேரும்போது மட்டும் முழு அதிகாரமும் ஒருவரிடம் ஒப்படைக்கப்படும். அதுவும் ஆறு திங்களுக்கு மேல் நீடிக்கக் கூடாது. அப்பொறுப்பு இம்முறை முதியவரான ஃபேபியஸ் மாக்சிமஸிடம் வந்து சேர்ந்தது.

ஃபேபியஸ் இரு தரப்பின் நிலையையும் எடைபோட்டுப் பார்த்தார். ஹானிபாலின் குதிரைப்படை உரோமரின் குதிரைப்படையினும் வலியது. சமவெளியில் அதனை எதிர்ப்பது அறிவுடைமை ஆகாது. ஆனால், ஹானிபால் தாய்நாட்டைவிட்டு நெடுந்தொலைவு வந்திருப்பவர். அவர் இழக்கும் ஒவ்வொரு வீரனுக்கும் மாற்றாள் கிடைப்பது அரிது. உரோமருக்கோ களஞ்சியங்களும், நட்பு நகரங்களும், புதிய படைகளைத் திரட்டும் ஆற்றலும் இருந்தன. நாள் கடக்கக் கடக்கத் தளர்பவர் ஹானிபாலே என்று அவர் முடிவு செய்தார்.

எனவே, அவர் போரிடவில்லை, பின்தொடர்ந்தார். குதிரைகள் ஏற இயலாத குன்றுகளின் வழியாகவே தம் படையை நடத்தினார். உணவு தேடிப் பிரிந்து செல்லும் பகைவரின் சிறு குழுக்களை மட்டும் தாக்கினார். பகைவர் வரும் வழியில் உள்ள உழவர்கள் தம் பயிர்களையும் வீடுகளையும் தாமே எரித்துவிட்டு அரண் சூழ்ந்த ஊர்களுக்குச் செல்லுமாறு ஆணையிட்டார். இந்த ஆணையின் கொடுமையை எளிதில் கடந்துவிட முடியாது. தம் கையால் விளைவித்ததைத் தம் கையாலேயே கொளுத்துவது உழவருக்கு எத்தகைய துயரம்! மலைமேல் நின்ற வீரர்களோ, கீழே திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஃபலெர்னிய நிலத்தைப் பகைவர் எரிப்பதைக் கண்டும் கை கட்டி நின்றனர்.

ஏளனம் பெருகியது. அக்காலத்தில் செல்வர் வீட்டுச் சிறுவர்கள் கல்வி கற்கச் செல்லும்போது, அடிமை ஒருவர் அவர்கள் பின்னால் நடந்து செல்வார். ஹானிபாலின் பின்னால் செல்லும் அத்தகைய ஏவலாளர் என்று ஃபேபியஸை அவருடைய வீரர்களே பழித்தனர். ஹானிபாலும் இதை நன்கு பயன்படுத்திக்கொண்டார். சுற்றியிருந்த நிலங்களையெல்லாம் எரித்த அவர், ஃபேபியஸின் நிலத்தை மட்டும் தொடாமல் விட்டார். இருவருக்கும் மறைமுக உறவு உண்டு என்ற ஐயம் மக்களிடையே எழுந்தது. ஃபேபியஸ் அந்நிலத்தையே விற்று, பகைவரிடம் சிறைப்பட்டிருந்த உரோம வீரர்களை மீட்டார்.

அவருடைய துணைத்தளபதி மினூசியஸ் ஒரு சிறு வெற்றி பெற்றதும், மக்கள் அவருக்கும் சம அதிகாரம் அளித்தனர். படை இரண்டாகப் பிரிந்தது. சில நாள்களில் மினூசியஸ் ஹானிபாலின் பொறியில் சிக்கினார். தம்மைப் பழித்தவர்தானே என்று ஃபேபியஸ் வாளாவிருக்கவில்லை. குன்றிலிருந்து இறங்கி வந்து காப்பாற்றினார். மினூசியஸ் அவரைத் தந்தை என்று அழைத்துத் தம் அதிகாரத்தைத் திருப்பி அளித்தார்.

ஆயினும், பதவிக்காலம் முடிந்தவுடன் உரோம் அவர் வழியைக் கைவிட்டது. கி.மு. 216இல் ஏறத்தாழ 80,000 பேர் கொண்ட பெரும்படை கன்னே சமவெளியில் ஹானிபாலை எதிர்த்தது. எண்ணிக்கையில் குறைந்த அவருடைய படை உரோமரை நாற்புறமும் வளைத்துக்கொண்டது. ஒரே நாளில் ஏறத்தாழ 50,000 உரோமர் மாண்டனர். முந்தைய ஆண்டில் எரிந்த வயல்களுக்காகச் சினந்த மக்கள், இப்போது தம் பிள்ளைகளுக்காக அழுதனர்.

அதன்பின் உரோம் மீண்டும் ஃபேபியஸின் வழிக்கே திரும்பியது. ஹானிபாலோடு நேருக்கு நேர் மோதாமல், அவர் பக்கம் சாய்ந்த நகரங்களை ஒவ்வொன்றாக மீட்டது. கி.மு. 209இல் தாரெந்தம் நகரை ஃபேபியஸே கைப்பற்றினார். 'காலம் தாழ்த்துபவர்' என்று பொருள்படும் 'குங்க்டாத்தார்' என்னும் சொல், வசைமொழியாய் இருந்து சிறப்புப் பெயராய் மாறியது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின், ஆங்கிலேயரின் பெரும்படையோடு மோதுவதைத் தவிர்த்துத் தம் சிறுபடையைக் காத்த ஜார்ஜ் வாஷிங்டனையும் 'அமெரிக்காவின் ஃபேபியஸ்' என்று அழைத்தனர்.

எனினும், ஃபேபியஸின் கணிப்பு எப்போதும் சரியாக இருக்கவில்லை. ஆப்பிரிக்காவுக்கே சென்று கார்த்தேஜைத் தாக்க வேண்டும் என்று இளந்தளபதி சிப்பியோ கூறியபோது, அவர் அதைக் கடுமையாக எதிர்த்தார். சிப்பியோ எதிர்ப்பை மீறிச் சென்றார். தாய்நாட்டைக் காக்க வேண்டி, கி.மு. 203இல் ஹானிபால் இத்தாலியைவிட்டுக் கப்பலேறினார். அதே ஆண்டில் ஃபேபியஸ் காலமானார். அடுத்த ஆண்டு சாமா என்னுமிடத்தில் சிப்பியோ ஹானிபாலை வென்றார்.