கரைந்ததும் கலந்ததும்

ஆவடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிறு மாலை அக்கா மகள் வந்தாள். ஒரு கையில் மைப்புட்டி, மறு கையில் பேனா. பச்சை மை, உள்ளே பொன்துகள். பிறந்தநாளுக்குத் தோழிகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது.

"மாமா, போன வாரம் வரைக்கும் நல்லா எழுதுச்சு. இப்ப ஒரு கோடுகூட விழல. பேனா போச்சா?"

"பேனாவுக்கு ஒண்ணும் ஆகல. உட்காரு, டீ போடுறேன்."

வேண்டுமென்றே வடிகட்டாமல் ஊற்றினேன். சர்க்கரை போட்டுக் கலக்கி, கிளாஸை அவள் முன்னால் வைத்து, கொஞ்ச நேரம் பார்க்கச் சொன்னேன். தூள் மெல்ல மெல்ல இறங்கி அடியில் படிந்தது. சர்க்கரை எங்கும் இறங்கவில்லை. முதல் மிடறு எவ்வளவு இனிப்போ, கடைசி மிடறும் அவ்வளவு இனிப்பு. சர்க்கரை கரைந்தது, தூள் வெறுமனே கலந்தது. மினுக்கும் மையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதெல்லாம் இந்த வித்தியாசம்தான்.

பள்ளிக்கூடத்தில் நாம் ஊற்றிய பிரில், கேமல் நீல மைகளில் சாயம் தண்ணீரில் முழுக்கக் கரைந்திருக்கும். மாதக்கணக்கில் வைத்தாலும் மேலும் கீழும் ஒரே நிறம். மினுக்கும் மையிலும் அப்படிப்பட்ட சாயம் உண்டு. அதோடு, கரையவே கரையாத ஒரு துகளையும் சேர்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் மைகா. தமிழில் இதற்குக் காக்காப்பொன் என்று அழகான பெயர் இருக்கிறது. சித்த மருந்துக் கடையில் அப்பிரகம் என்பார்கள். பழைய இஸ்திரிப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே கம்பி சுற்றியிருக்கும் தகடு இதுதான். நெல்லூர்ப் பக்கம் கூடூரில் இதற்குச் சுரங்கங்கள் வெட்டியிருக்கிறார்கள். ஏடு ஏடாக உரிவது இதன் குணம். அந்த ஏட்டைப் பொடித்து, மேலே டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ மிக மெல்லியதாகப் பூசுகிறார்கள். பூச்சு எது, எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்து வெள்ளியாகவோ பொன்னாகவோ செம்பாகவோ மின்னும். நகப்பூச்சிலும் கார் பெயின்ட்டிலும் மின்னுவது இதே வகைத் தூள்தான்.

பிரான்சின் எர்பாங் நிறுவனம் பொன்துகள் கலந்த பச்சை மையை 2015இல் கொண்டுவந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் டயமைன் நிறுவனமும் மினுக்கும் மைகளை வரிசையாக இறக்கியது. அதன் பிறகுதான் இந்த ஆசை ஊருக்கு ஊர் பரவியது.

தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் மைகாவுக்கு ஏறக்குறைய 2.8. அதனால் அது மூழ்கித்தான் தீரும். துகளின் அளவு இரண்டு மடங்கானால், மூழ்கும் வேகம் நான்கு மடங்காகும். அப்படியானால் இன்னும் பொடியாக அரைத்துவிடலாமே என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. ரொம்பப் பொடித்தால் பளிச்சென்ற மினுக்கு மங்கி, பால் படர்ந்த மாதிரி ஆகிவிடும். மினுக்கு வேண்டுமென்றால் படிவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது பேனாவுக்குள் போவோம். நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையை நாக்கு என்போம். அதில் மயிரிழை போல ஒரு கால்வாய் ஓடுகிறது. மை அதன் வழியாகத்தான் நிப்புக்கு வருகிறது. அவள் பேனாவை ஒரு வாரமாக மேசை டப்பாவில் நிப்பு கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்திருக்கிறாள். துகளெல்லாம் இறங்கி அந்தக் கால்வாயில் போய் அடைத்துக்கொண்டது. டீத்தூள் படிந்த அதே கதை.

நிப்பு மேலே பார்க்க நிறுத்தினால் அடைக்காது. ஆனால் பொன் பின்பக்கம் தங்கிவிட, வெறும் பச்சை மட்டும் எழுதும். அதனால் இரவில் படுக்கவைக்க வேண்டும். எழுதுவதற்கு முன் மூடியோடு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பத்துத் தடவை உருட்ட வேண்டும். உதறக் கூடாது, மூடிக்குள் மை கொட்டிவிடும். புட்டியையும் அப்படியே உருட்டி, துகள் எழும்பி நிற்கும்போதே மை எடுக்க வேண்டும். நிப்பு பட்டையாக இருந்தால் மினுக்கு நன்றாகத் தெரியும். மையை உறிஞ்சும் மலிவுத் தாளில் பாதி அழகு போய்விடும். வழவழப்பான தாளே இதற்கு ஏற்றது.

எந்தப் பேனாவில் ஊற்றுவது? கையால் பிரித்துக் கழுவ முடிகிற பேனாவில். இதற்காக நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆவடியில் ரயில் ஏறினால் அதே தடத்தில் திருவள்ளூர். அங்கே எம். எஸ். பாண்டுரங்கன் தொடங்கிய ரங்கா பேனா நிறுவனம், எபோனைட்டைக் கடைசலில் பிடித்துக் கையால் பேனா செய்கிறது. ரப்பரோடு கந்தகம் சேர்த்து இறுக வைத்ததுதான் எபோனைட். மை அதில் இயல்பாக ஒட்டி ஓடும் என்பதால் நாக்கு செய்யவும் அதுவே உகந்தது. இந்த மாதிரிக் கைப்பேனாக்கள் பலவற்றில் நிப்பும் நாக்கும் இறுக்கத்தில் மட்டுமே நிற்பதால், நேராகப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். நிப்பைப் பிரிக்கவே முடியாத பேனாவிலும், தாத்தா காலத்துப் பேனாவிலும் மினுக்கும் மை வேண்டவே வேண்டாம்.

உடற்பகுதியிலேயே நேரடியாக மை ஊற்றும் பேனாவில் கொஞ்சமாக ஊற்றினால் இன்னொரு தொல்லை உண்டு. மேலே நிற்கும் காற்று கைச்சூட்டில் விரிந்து மையைத் தள்ளும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். நிறைய ஊற்றினாலோ தீர மாதங்கள் ஆகும், துகளும் உள்ளேயே கிடக்கும். அதனால் மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சிறு குழாயான கன்வெர்ட்டர் நல்லது. ஒரு மில்லி அளவுக்குத்தான் மை கொள்ளும் என்பதால் சீக்கிரம் தீரும். தீர்ந்ததும் கழுவிவிடலாம். தீராவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது அவசியம்.

டீ முடிந்ததும் அவள் பேனாவைப் பிரித்தோம். நிப்பையும் நாக்கையும் உருவி, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்ட பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தோம். சுடுதண்ணீர் ஆகாது, எபோனைட் நிறம் மங்கிவிடும். மெத்தென்ற பழைய பல் பிரஷ்ஷால் கால்வாயை அவளையே தேய்க்கச் சொன்னேன். எவர்சில்வர் கிண்ணத்தின் அடியில் பொன்வண்டல் சுழன்று படிந்தது. "இவ்வளவா உள்ள இருந்துச்சு!" என்றாள்.

துடைத்து, பூட்டி, புட்டியை உருட்டி மை எடுத்தாள். முதல் கோடு வெறும் தண்ணீராக வந்தது, இரண்டாவது பச்சையாக. மூன்றாவதை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தாள். பரிசு கொடுத்த தோழிகளுக்கு நன்றிக் கடிதம் இன்னும் எழுதவில்லையாம். அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். நடுவே ஒரு வரியில் பொன் குறைந்ததும், நான் சொல்லாமலே நிறுத்தி, மூடியைப் போட்டு, பேனாவை உள்ளங்கைகளில் உருட்டினாள்.