ஸ்பூலின் எடையும் அடையாற்றின் காற்றும்

அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், வடகரைச் சீனிவாசபுரத்திலும் தென்கரை ஊரூர் குப்பத்திலும் மீன்பிடிக்க வருவோரிடம் இரு வகைத் தூண்டில்களைக் காணலாம். நைலான் நரம்பைப் பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றி, நுனியில் ஈயக்குண்டு கட்டி வீசும் கைத்தூண்டில் ஒன்று. கோலும் ரீலும் கொண்டு, லூர் எனப்படும் செயற்கை இரையை எறியும் தூண்டில் மற்றொன்று. விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு என்றாலும், பாட்டில் தூண்டிலின் தத்துவம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. குண்டு பறக்கும்போது பாட்டில் சுழல்வதில்லை. கடலை நோக்கிப் பிடித்த அதன் முனை வழியே நரம்பு வளையம் வளையமாக வழுக்கிக்கொண்டு வெளியேறுகிறது. இங்கிலாந்தின் ஆலை உரிமையாளர் இல்லிங்வர்த் 1905-இல் காப்புரிமை பெற்ற கருவியும், அதன் வழிவந்த இன்றைய ஸ்பின்னிங் ரீலும் இதே முறையில்தான் இயங்குகின்றன.

பெய்ட்காஸ்டிங் ரீலின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அதில் நரம்பு சுற்றப்பட்டுள்ள உருளையாகிய ஸ்பூல் தானே சுழன்றுதான் நரம்பை வெளிவிட வேண்டும். அந்தச் சுழற்சிக்கான ஆற்றலைப் பறக்கும் லூரே தர வேண்டும். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்பூலிலிருந்து நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் நரம்பு வெளியேறினால், ஸ்பூல் நிமிடத்திற்கு ஏறத்தாழ 16,000 முறை சுழல்கிறது. காற்றின் தடையால் லூரின் வேகம் உடனே குறையத் தொடங்க, ஸ்பூலோ பெற்ற வேகத்திலேயே சுழன்று, வெளியேற முடியாத நரம்பைத் தன்மேலேயே தளர்த்திக் குவிக்கிறது. பேக்லாஷ் எனப்படும் இச்சிக்கல், எடை குறைந்த லூர்களில் மிகுதி. 15 கிராம் லூர் தன் வேகத்தைக் காத்துக்கொள்வதுபோல் 3 கிராம் லூர் காத்துக்கொள்வதில்லை.

பெய்ட்காஸ்டிங் ரீல் கடிகாரத் தொழிலாளரின் பட்டறையில் உருவானது என்பது தற்செயலன்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பற்சக்கரம் பூட்டிய ரீலைச் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் கடிகாரம் செய்பவர். ஸ்வீடனின் அபு நிறுவனமும் 1921-இல் கடிகாரத் தொழிற்சாலையாகவே தொடங்கியது. எனினும் நுட்பமாகக் கடைந்த அச்சும் பேரிங்கும் உராய்வைக் குறைக்குமேயன்றி, ஸ்பூலின் நிலைமத்தைக் குறைப்பதில்லை. மெல்லிய நரம்புக்கு ரீல் தேடுவோர் கடையில் முதலில் கேட்பது பேரிங்குகளின் எண்ணிக்கையாகவே இருக்கிறது. கேட்க வேண்டியதோ ஸ்பூலின் எடை.

சுழலும் பொருளைத் தொடங்கவோ நிறுத்தவோ எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் அளவே நிலைமத் திருப்புத்திறன். அது எடையோடு நேராகவும், மையத்திலிருந்து அந்த எடை விலகியிருக்கும் தொலைவின் இருமடியோடும் உயர்கிறது. ஒரே அகலமும் சுவர்த் தடிப்பும் கொண்ட 34 மில்லிமீட்டர் உருளைக்கு, 28 மில்லிமீட்டர் உருளையைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு திருப்புத்திறன் இருக்கும். சாதாரண ஸ்பூல் பெரும்பாலும் 15 கிராமுக்கு மேல் இருக்க, பி.எஃப்.எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நுண்வகை ரீல்களில் சுவரைத் துளையிட்டும் மெலித்தும் அதைச் சுமார் 10 கிராமுக்குக் கொண்டுவருகின்றனர்.

இவ்வாறு பணம் கொடுத்துக் குறைத்த எடையை நரம்பின் வழியாகத் திரும்ப ஏற்றிக்கொள்வதே பலரும் செய்யும் பிழை. 0.30 மில்லிமீட்டர் நைலான் நரம்பு 150 மீட்டர் சுற்றினால் அதன் எடை மட்டும் சுமார் 12 கிராம், அதாவது ஸ்பூலைவிட அதிகம். அந்த எடையும் விளிம்பை ஒட்டியே அமைகிறது. 0.148 மில்லிமீட்டர் பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு, 100 மீட்டர் சுற்றினாலோ 2 கிராம்கூட வராது. ஆனால் இவ்வளவு சிறிய அளவை ஆழமான ஸ்பூலில் சுற்றினால் அடியிலேயே தங்கிவிடும். விட்டம் குறைவதால் ஸ்பூல் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உள்ளே வரும் நரம்பும் குறையும். அடியில் தடித்த நரம்பை நிரப்பினால் பழைய எடை திரும்பிவிடும். ஆகவே அடிப்பாகம் விளிம்புக்கு அருகில் உயர்ந்திருக்கும் ஆழமற்ற ஸ்பூலே இதற்கு ஏற்றது. அபு ரீல்களுக்கென ஜப்பானின் அவைல் நிறுவனம் செய்வதுபோன்ற மாற்று ஸ்பூல்கள் கிடைக்கின்றன என்றாலும், ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளுக்கிடையேகூட அச்சின் நீளமும் பேரிங்கின் அளவும் வேறுபடுவதால், மாதிரியின் பெயரோடு ஆண்டையும் சரிபார்த்தே வாங்க வேண்டும்.

பிரேக்குகளில் இரு வகை உண்டு. மையவிலக்கு பிரேக்கில் சிறு கட்டைகள் சுழற்சியால் வெளித்தள்ளப்பட்டு வளையத்தில் உராய்கின்றன. வேகத்தின் இருமடியாக அதன் தடை மாறுவதால், எறியின் தொடக்கத்தில் இறுக்கிப் பிடித்து முடிவில் விட்டுவிடுகிறது. காந்த பிரேக்கில், காந்தப்புலத்தில் சுழலும் உலோகத்தில் தோன்றும் சுழல் மின்னோட்டம் தடையாகிறது. அது வேகத்திற்கு நேர்விகிதமானது. கொள்கை அளவில் முதல் வகைக்கே சாதகம் அதிகம் என்று தோன்றினாலும், அதன் கட்டைகள் ஸ்பூலிலேயே அமர்ந்து எடை கூட்டுகின்றன. ஷிமானோ நிறுவனத்தின் அண்மைக்கால நுண்வகை ரீல்களில் காந்தங்களைப் பக்கத்தட்டில் பொருத்தி, ஸ்பூலின் அலுமினியச் சுவரையே கடத்தியாகப் பயன்படுத்தியிருப்பதன் காரணம் இதுவே.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பின்னும் காற்று ஒன்று இருக்கிறது. கோடையில் சென்னையின் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டி வீசத் தொடங்கும். அதன்பின் முகத்துவாரத்தில் கடலை நோக்கி எறியப்படும் 4 கிராம் லூர் எதிர்க்காற்றில் நின்றுவிட, எந்த பிரேக்கும் ஸ்பூலை முழுமையாகக் காப்பாற்றுவதில்லை. நிலக்காற்று முதுகில் படும் விடியற்காலையும், கரையோடு இணையாக எறியத்தக்க ஆற்றின் உட்பகுதியும் நுண்வகை ரீலுக்கு ஏற்றவை. மற்ற வேளைகளில் ஸ்பின்னிங் ரீலே அறிவுடைமை. பெய்ட்காஸ்டிங்கின் மேன்மை தொலைவில் இல்லை. பறக்கும் லூரைப் பெருவிரலால் ஸ்பூலைத் தொட்டு நினைத்த இடத்தில் இறக்குவதிலும், நரம்பு முறுக்கேறாமல் இருப்பதிலும் இருக்கிறது.

முகத்துவாரத்தில் எந்த அளவு மீன் கடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. சாந்தோம் நெடுஞ்சாலையில் இயங்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் குஞ்சு பொரிக்கச் செய்து வெற்றி கண்ட கொடுவா, விரலளவு லூரையும் விழுங்கக்கூடிய பெருமீன். அதன் செவுள் மூடியின் விளிம்பு நரம்பை அறுத்துவிடும். எனவே பிரெய்டின் முனையில் லீடர் எனப்படும் தடித்த ஃபுளோரோகார்பன் முன்நரம்பைக் கட்டுவதும், மீன் இழுக்கையில் நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் டிராக் அமைப்பு சீராக வழுக்குகிறதா என்று வாங்கும்போதே இழுத்துப் பார்ப்பதும் தவிர்க்க முடியாதவை.

உப்பு நீரில் மெக்னீசியச் சட்டம் விரைவில் அரிக்கப்படும் என்பதால் இங்கு அலுமினியமோ கார்பன் கலந்த பிளாஸ்டிக்கோ மேல். ஸ்பூலின் இரு பேரிங்குகளுக்கும் கிரீஸ் கூடாது. ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். வீடு திரும்பியதும் ரீலைக் கழுவ வேண்டும். ஆனால் கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரே உப்புக்கரிப்பது உண்டு என்பதால், பெசன்ட் நகர்வாசிகள் அதற்கு மெட்ரோ தண்ணீரை ஒரு குவளை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.